பன்னிரண்டடி முகம்

"மூக்கு எங்கம்மா போச்சு?"

கோவில்பட்டி பிளக்ஸ் கடையில், சோதனைக்கு அடித்த துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாயகிருஷ்ணன் கேட்டார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள் இருந்தன.

மறுநாள் இடைசெவலில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டி இவருக்கும் இசக்கிதுரைக்கும். கோயிலுக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மாயகிருஷ்ணன், பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டடிக்குத் தன் முகம் நின்றால் பதவி தானாக வந்து விழும் என்று நம்பினார்.

படம் போன வருஷக் கொடையில் எடுத்தது. நன்கொடை தந்த எல்லோரையும் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஓரத்தில் கடுகளவு நிற்பது தான்தான் என்று, அந்த முகத்தை மட்டும் வெட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"வெட்டாத ஒரிஜினல் இருந்தாத் தாங்க அண்ணாச்சி. இல்லன்னா இப்ப புதுசா எடுத்துருவோம்" என்றாள் டிசைன் போடும் வள்ளிமயில்.

ஒரிஜினலை, காலை வணக்கப் படங்களுக்கு இடம் வேண்டி அவர் என்றோ அழித்துவிட்டார். பரிவட்டம் இல்லாத வழுக்கையைப் படம் எடுக்கவும் சம்மதமில்லை.

அவள் கட்டங்களைக் கரைத்துக் காட்டினாள். முகம் இட்லி மாவாக வழிந்தது. சுருக்கம் போனதில் அவருக்குச் சந்தோஷம்தான். கண்ணும் சேர்ந்து போயிருந்தது. கூர்மையைக் கூட்டச் சொன்னார். முகமெல்லாம் கொப்புளம் கிளம்பியது. கடைசியில் ஏ.ஐ.யில் போடச் சொன்னார்.

"அது இல்லாததையும் சேத்து வரைஞ்சிரும், பாத்துக்கிடுங்க."

தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. கிளிமூக்கு, அடர்ந்த புருவம். மாயகிருஷ்ணன் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடிதான் மட்டம் என்று முடிவுகட்டினார்.

"இதுதான் நான். இதையே அடி."

மேலே 'கொடைக்குத் தலைமையேற்க வருக!' என்று போடச் சொன்னார். செலவும் தன்னுடையது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? கீழே 'உபயம்: மாயகிருஷ்ணன்' என்றும் போடவைத்தார்.

காலையில் ஊர் அண்ணாந்து பார்த்தது. பிறகு கூட்டம் கூடி, இசக்கிதுரையை ஒருமனதாகத் தலைவராக்கியது. போட்டிக்கு நின்றவரே எதிராளிக்குப் பேனர் வைத்த பெருந்தன்மையை எல்லோரும் கைதட்டிப் பாராட்டினார்கள். இசக்கிதுரை கண்கலங்கி வந்து கட்டிப்பிடித்தார்.

மாயகிருஷ்ணன் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். பேனர் கட்டிய உள்ளூர்த் தவசியிடம் பாய்ந்தார்.

"அந்தப் பிள்ள என் முகத்தையே மாத்திப்புட்டாளேடா."

தவசி தளர்ந்திருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டே திரும்பினான்.

"அவ என்ன செய்வா அண்ணாச்சி? அன்னைக்கு எல்லாரையும் நிக்கவச்சுப் படம் எடுத்ததே நீங்கதான."