சுரைக்காய்க்குள்ளிருந்து வந்த சாரி

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் குக்கரின் விசிலும் நலம். அங்கு தாங்களும் அண்ணியும், அண்ணியின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

'இனி இந்த மனிதரோடு ஒரு நிமிஷம் இருக்க முடியாது, காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போங்கள்' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம். உங்கள் மாப்பிள்ளை என்னிடம் சாரி சொல்லிவிட்டார்! கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அதையும் தண்ணீருக்கு அடியிலிருந்து சொன்னார். பதறாதீர்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு வீட்டோடு வந்தவர் சும்மா இருப்பாரா? அவரும் பின்தெரு வெல்டரும் சேர்ந்து, பழைய தண்ணீர் லாரியின் டாங்கை அறுத்து ஒட்டி, ஒரு ஆள் உட்காருகிற நீர்மூழ்கி ஒன்று செய்துவிட்டார்கள். பச்சைப் பெயின்ட் அடித்ததும் அதன் வடிவத்தைப் பார்த்து வெல்டர் 'சுரைக்காய்' என்று பேர் வைத்தார். "சுரைக்காய் மிதக்குமே, எங்க முழுகும்?" என்று நான் கேட்டதற்கு இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் முழுகியது. மழைத் தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரியில் இவர் உள்ளே உட்கார்ந்து இறங்குவார், வெல்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். உள்ளேயிருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நலம், இரண்டு தட்டினால் மேலே இழு என்று ஏற்பாடு. இவருக்கோ தும்மல் உடம்பு. தும்மினால் தலை இடிக்கும், தலை இடித்தால் தட்டு. அடுக்குத் தும்மல் வந்த அன்று இழுத்து இழுத்து வெல்டருக்குத் தோள்பட்டை இறங்கிப் போயிற்று. "தட்டெல்லாம் சரிப்படாதுப்பா, தண்ணிக்குள்ள பேச்சே கேக்கணும்" என்று இவர் அப்போது ஆரம்பித்ததுதான்.

ரேடியோ அலை தண்ணீருக்குள் சீக்கிரமே செத்துவிடுமாம், சத்தம்தான் தூரம் போகுமாம். அதனால் ஒரு ஸ்பீக்கரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, "ஹலோ, கேக்குதா?" என்று கத்தினார். அது குழாய் வழியாக இறங்கி நேரே கீழ்வீட்டு வாஷ்பேசினுக்குப் போய்விட்டது. அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்த பேங்க் மேனேஜர், பாவம், "கேக்குதுங்க" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சை மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தமாக மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி பேச்சாக இறக்குகிற கருவியைச் செய்தார். அதைத் தண்ணீர் புகாத பாத்திரத்தில் வைக்க வேண்டும். ரப்பர் வளையம் இருக்க வேண்டும், இறுக்கிப் பூட்ட வேண்டும், வயர் போக ஒரு துளையும் வேண்டும். அப்படி ஒரு பாத்திரம் எங்கே இருக்கிறது? என் அடுப்பின்மேல் இருக்கிறது! அரைவேக்காட்டு உருளைக்கிழங்கை வாளியில் கொட்டிவிட்டுக் குக்கரைத் தூக்கிப் போய்விட்டார். விசில் மட்டும்தான் எனக்கு மிச்சம்.

"ஏங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?" என்றேன். "கேட்டா குடுத்திருப்பியா?" என்றார். "சரி, ஒரு சாரியாவது சொல்லுங்க" என்றேன். "இதுக்கெல்லாம் யாராவது சாரி சொல்லுவாங்களா?" என்றார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். உங்களுக்குக் கடிதம் போட்டதும் அன்றுதான்.

இந்த நிலையில் வெல்டர் வந்து நின்றார். "அக்கா, கரையில உக்காந்து பேச ஒரு ஆள் வேணும். என் குரல் கரகரன்னு இருக்கு, அண்ணனுக்கு ஒண்ணும் புரியல. நீங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருந்தவங்க, உங்க குரல் கணீர்னு போகும்." யோசித்தேன். பேச மாட்டேன் என்று சொன்னது பெண்டாட்டி, ஆபரேட்டர் அப்படி எதுவும் சொல்லவில்லையே. புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சுரைக்காய் குபுகுபுவென்று முழுகியது. தண்ணீர்மேல் ஒரு வளையம்கூட மிச்சமில்லை. தண்ணீரில் இறக்கியிருந்த என் குக்கரிலிருந்து வரும் ஹெட்போனைக் காதில் மாட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முதலில் இரைச்சல், பிறகு கீச்கீச், அப்புறம் அண்ணா, அவர் குரல்! "ஹலோ... ஹலோ..." என்று பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி அத்தனை தெளிவு. எத்தனையோ பேருக்கு லைன் கொடுத்தவள் நான், ஆனால் அந்தக் குரலுக்கு எழுந்தே நின்றுவிட்டேன். உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆபரேட்டர் பேசறேன். குக்கரைக் கேக்காம எடுத்தது தப்பு" என்றேன். அந்தப் பக்கம் மறுபடி கீச்கீச். பிறகு வந்தது: "சாரி... சாரி..."

இரண்டு தடவை அண்ணா! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விடுவேனா? கிடைத்த லைனைக் கட் பண்ணக் கூடாது என்று, கல்யாண போட்டோவில் எனக்கு முதுகு காட்டி நின்றதிலிருந்து, என் மிக்ஸியைப் பிரித்துத் திரும்பப் பூட்டாதது, உங்களை 'அந்த மனுஷன்' என்று சொன்னது வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் "சாரி... சாரி..." என்று வந்துகொண்டே இருந்தது. மேலே வந்து மூடியைத் திறந்தவருக்கு நானே துண்டு கொடுத்தேன், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். "என்ன, இப்படிச் சிரிக்கிற?" என்று மிரண்டு போய்க் கேட்டார். வெட்கப்படுகிறார் என்று விட்டுவிட்டேன். குக்கரை அவரே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்கள் காருக்கு நல்ல ஓய்வு.

இப்படிக்கு,
சந்தோஷம் தாங்காத தங்கை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தையும் கிழிச்சிடுங்க. இப்பத்தான் வெல்டர் வந்துட்டுப் போறார். "அக்கா, ஒவ்வொரு சேதி முடிஞ்சதும் 'சரி'ன்னு பதில் சொல்லணும்னு அண்ணன் விதி போட்டிருந்தாரே, உங்ககிட்ட சொல்லலையா?"ங்கிறார். எப்படிச் சொல்லுவார், நாங்கதான் பேசிக்கலையே! அந்த 'சரி' எதிர்ப் பாறையில மோதி, இழுபட்டு, 'சாரி' ஆயிடுச்சாம். ரெண்டாவது சாரி எதிரொலியாம். அதைவிடக் கொடுமை, நான் பேசினது மொத்தமும் அவருக்கு வாத்து கத்துற மாதிரிதான் கேட்டுதாம். வாத்துக்கு ஒவ்வொரு தடவையும் சரி சொல்லியிருக்கார் மனுஷன். கோவம் வரும்னு பாத்தேன், சிரிப்புதான் வருது, அடக்க முடியல. இப்ப எல்லாத்தையும் திருத்திட்டாங்க, இனிமே சரி சரியாவே கேக்குமாம். அதனால ஞாயித்துக்கிழமை உள்ள இறங்கப் போறது நான், கரையில உக்காரப் போறவர் அவர். பிளாஸ்க் நிறைய டீ எடுத்துக்கிட்டுப் போறேன், அவர் சாரி சொல்ற வரைக்கும் மேல வர்றதா இல்ல. நீங்க உடனே காரை எடுத்துக்கிட்டு வாங்க. வந்து கரையில அவர் பக்கத்துல உக்காந்து, வாய் 'ச'வுக்குத் திறக்குதா 'சா'வுக்குத் திறக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.