கோளாறு கட்டிய சங்கு

நீலகிரி மலையில் ஒரே ஒரு இயந்திரத்தைக்கூடச் சரிசெய்யாமல் பல வருடம் மெக்கானிக்காகவே காலம் தள்ளிய மனிதர் கோளாறு ஒருவர்தான். யாராவது இதை மறுத்தால் அவர்கள் வீட்டு அலாரத்தை அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கோழிக்கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவே இருந்த அவருடைய கடைப் பலகையில்கூட 'அலாரம், ஆட்டோமேட்டிக் கேட், சகலவித ரிப்பேர்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், பெட்டியைத் திறக்கும் முன்பே, ஏன், செருப்பைக் கழற்றும் முன்பே, தீர்ப்பு சொல்லிவிடுவார்.

"கோளாறு பொட்டியில இல்லீங்க. ஊட்டுக்காரங்ககிட்டத்தான் இருக்குதுங்க."

அதனால் அந்தப் பெயர். "அலாரம் நிக்க மாட்டேங்குது, கோளாறைக் கூப்பிடுங்க" என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

வெயில் காலத்திலும் கழற்றாத ஒரு மங்கி குல்லா. ஸ்க்ரூ டிரைவரும் குறடும் கிடந்து குலுங்கும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். காதில் சொருகிய டெஸ்டர். அந்த டெஸ்டரை அவர் காதிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க அந்த பேட்டரியையே நாக்கில் வைப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. வீட்டுக்காரர்களிடமும் நீட்டி, "நீங்களும் வெச்சுப் பாருங்க, சுர்ருனு இருக்குதுங்களா?" என்று கேட்பார். மரியாதைப்பட்ட குடும்பங்கள் எல்லாம் வரிசையாக நின்று பேட்டரியை நக்கியிருக்கின்றன.

அது பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போன காலம். பறித்த இலையை ஏற்றிப்போகும் வண்டி வாடகைக்கே விற்ற காசு பற்றாது. வசதியுள்ளவர்கள் பங்களாவைப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூருக்கு இறங்கினார்கள். பூட்டிய பங்களாக்களில் செம்புக் கம்பியும் பித்தளைக் குழாயும் காணாமல் போயின. தேயிலை விலை இறங்க இறங்க மலையெல்லாம் அலாரம் ஏறியது. மாட்டிய கம்பெனிக்காரர்கள் இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி ரிப்பேருக்கு வர மாட்டார்கள். ஆகவே கோளாறுக்கு நல்ல யோகம்.

குன்னூரில் ஒரு ஜவுளி வியாபாரி வீட்டில் புகை அலாரம் தினமும் பதினோரு மணிக்கு அலறியது. சமையலறையில் ஒரு முக்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தார் கோளாறு. டீயும் பஜ்ஜியுமாகப் போனது ஆராய்ச்சி. மூன்றாம் நாள், கடுகு தாளிக்கும் புகைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? அந்தக் கருவியைக் கழற்றி நாலடி தள்ளி மாட்டுவான். இவர் அந்த அம்மாளிடம், "தாளிக்காம வெச்சுப் பழகுங்க, ஒடம்புக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் அந்த வீட்டில் தாளிக்காத சாம்பார். வியாபாரி என்னிடம் கண்கலங்கியே சொன்னார்.

வெலிங்டனில் ஓய்வுபெற்ற ஒரு மேஜர் இருந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் அவருக்குக் கை தட்டினால் எரியும், மறுபடி தட்டினால் அணையும் விளக்குகளை வாங்கி மாட்டியிருந்தான். மேஜருக்கோ மார்ச்சளி. ஒரு இருமலுக்கு வீடு இருண்டுவிடும், அடுத்த இருமலுக்கு வெளிச்சம் வரும். கோளாறு போய்ப் பார்த்தார். மேஜரை மூச்சை இழுத்து விடச் சொன்னார். கடைவீதிக்கு நடந்துபோய் ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

"வேளைக்கு ரெண்டு மூடிங்க. லைட்டு சரியாயிடும்."

ஒரு வாரத்தில் லைட்டு சரியாகிவிட்டது. மேஜர் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்துக்கடைக்காரர் செய்த வேலைக்கு மெக்கானிக்குக்குப் பாராட்டா?

இவ்வளவு தெரிந்த நானே அவரைக் கூப்பிட வேண்டி வந்ததுதான் என் தலைவிதி.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் நான் கிளார்க். தோட்டம், அதற்குள்ளேயே ஃபேக்டரி. விலை சரிந்ததும் முதலாளி ஃபேக்டரியை நிறுத்தினார், தோட்டத்தில் வேலையையும் நிறுத்தினார். தொழிலாளர் குடியிருப்பான லயன் வீடுகளில் இருந்த ஜனம், பெரும்பாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள், தினம் காலையில் ஜீப் பிடித்துக் கேத்தி பக்கம் கேரட் பிடுங்கக் கூலிக்குப் போனார்கள். மிஞ்சியது மெஷின்களும் சாவிக்கொத்தோடு நானும். அதிலும் ஒரு மோட்டாரைத் திருடன் கழற்றிக்கொண்டு போனான். முதலாளி கோயமுத்தூரிலிருந்து வந்து ஃபேக்டரிக்கு அலாரம் மாட்டினார்.

"பாருங்க, மெஷின் இருந்தாத்தான் என்னைக்காச்சும் ஃபேக்டரிய ஓட்ட முடியும். இதுக்கு மேல தலைவலி வந்துதுன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன்" என்றார்.

மெஷின் போனால் தோட்டமும் கைமாறும். லயன் வீடுகளும் போகும், என் வேலையும் போகும். ஆகவே எங்கள் எல்லாருடைய பிழைப்பும் அந்த அலாரப் பெட்டியில் தொங்கியது.

வாசலுக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கோடு. அதை யாராவது தாண்டினால் சத்தம் வரும், அதோடு கோயமுத்தூரில் முதலாளி வீட்டு போனையும் அதுவே கூப்பிடும். நல்ல ஏற்பாடுதான். முதல் மழைக்காலத்தில் ஈரம் ஏறி, அந்தச் சத்தம் போடும் குழாய் செத்துப்போனது. கோளாறைக் கூப்பிட்டேன்.

வந்தார். தீர்ப்பு சொன்னார். பிறகு கூரையில் இருந்த ஃபேக்டரியின் பழைய சங்கைப் பார்த்தார். முன்பெல்லாம் காலை ஏழரைக்கு ஜனத்தை வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு அது. மூன்று மலை தாண்டிக் கேட்கும். "சும்மாதானுங்களே இருக்குது" என்று அலாரத்தை அதோடு இணைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை ஏழேகாலுக்குப் பனிமூட்டம் இறங்கியது. ஒளிக்கோட்டைப் பனி மறைத்தது. சங்கு அலறியது.

பத்து நிமிடத்தில் லயன் முழுவதும் ஃபேக்டரி வாசலில் நின்றது. ஜீப்பில் ஏறியவர்கள் குதித்து இறங்கி ஓடி வந்திருந்தார்கள். முன்னால் செல்லம்மா. கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவள், எந்த வேலைக்கும் முதல் ஆள். செடி கீறாமல் இருக்க இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டியபடியே மூச்சு வாங்கக் கேட்டாள்.

"பேரு போடுவீங்களா, கிளாக்கரய்யா?"

பேர் போடுவது என்றால் அன்றைக்கு வேலை உண்டு என்று பதிவது.

"இல்லம்மா. பனி."

"பனிக்கு யாருங்கய்யா சங்கு ஊதுனது?"

அதற்குள் ஜீப் போய்விட்டிருந்தது. அன்றைக்கு அவர்களுக்குக் கேரட்டும் இல்லை, தேயிலையும் இல்லை. நான் நேரே மார்க்கெட்டுக்குப் போய்க் கோளாறை இழுத்து வந்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, யார் யார் ஓடி வந்தார்கள் என்று ஒவ்வொரு பேராக எழுதினார். நாற்பத்து மூன்று பேர்.

"ஏனுங்க, அலாரம் ரிப்பேருக்கும் இந்தப் பேருக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சங்கு ஊதுனா ஓடியாராங்கல்லீங்க? அங்கதான் சரி பண்ணோணும்."

ஒளிக்கோட்டைப் பனிபடாத இடத்துக்கு மாற்ற ஒரு மணி நேரம் போதும். இந்த மகானுபாவர் இரண்டு நாள் லயன் லயனாகப் போய் வகுப்பு எடுத்தார். சங்கு விட்டுவிட்டு ஊதினால் அது அலாரம், வர வேண்டாம், ஜீப்பில் போங்கள். ஒரே மூச்சாக நீளமாக ஊதினால்தான் வேலை. வாயாலேயே இரண்டு விதமாகவும் ஊதிக் காட்டினாராம். செல்லம்மா சிரித்துச் சிரித்துப் புரை ஏறியதாகச் சொன்னாள். பிறகு வந்து, அலாரம் விட்டுவிட்டு ஊதுகிற மாதிரி செய்தார். நீளமாக ஊதுவதற்குத் தனியாக ஒரு பச்சை ஒயர் இழுத்து, ஒரு ஸ்விட்சும் வைத்தார்.

"வேலையே இல்லாத ஃபேக்டரிக்கு வேலைச் சங்கு எதுக்குங்க?" என்றேன்.

"வேலை வந்தா வேணுமில்லீங்க?"

இந்த மனிதரிடம் பேசி என்ன பயன்? பனிக்கு அலாரம் அடிப்பது மட்டும் நிற்கவில்லை. பனி வந்தால் ஊதியது, கீரிப்பிள்ளை போனால் ஊதியது. ஜனம் பழகிவிட்டது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழகாதவர் கோயமுத்தூர் முதலாளி ஒருவர்தான். ஒவ்வொரு பனிக்கும் அவர் வீட்டு போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் திருடன் வந்திருப்பதாகச் சொல்லும். ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை பழைய இரும்புக்காரர் லாரியோடு வருகிறார், மெஷின் எல்லாம் போகிறது, அலாரத்தைக் கழற்ற அந்த ஆளை வரச் சொல்லுங்கள் என்றார்.

கோளாறு கடையில் பேட்டரியை நக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"உங்களாலதானுங்க! அந்தப் பொட்டிய ஒழுங்காப் பாத்திருந்தா இந்த நெலம வந்திருக்குமா? நாப்பத்தி மூணு பேரு எழுதி வெச்சீங்களே, அத்தனை பேருக்கும் போச்சு. போய்ச் சொல்லுங்க!"

முதல் தடவையாக அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே வழுக்கைத் தலை. அவரை அப்படிப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஆனாலும் நான் மனம் இரங்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை. மருந்துக்குக்கூடப் பனி இல்லை, பளிச்சென்ற வெயில். லாரி வந்தது, கேஸ் கட்டரோடு நாலு ஆட்கள் வந்தார்கள். முதலாளி காரிலிருந்து இறங்கியதும், "மொதல்ல அந்த அலார சனியனைக் கழட்டுங்க" என்றார்.

முன்னமே வந்து காத்திருந்த கோளாறு டிபன் பாக்ஸைத் திறந்தார். "ஒரே ஒரு டெஸ்ட் பாத்துக்கறனுங்க" என்று பச்சை ஒயர் ஸ்விட்சில் விரலை வைத்தார்.

சங்கு ஒரே மூச்சாக ஊதியது. நிற்கவில்லை. நான் அவர் விரலைப் பார்த்தேன். எடுப்பதாக இல்லை. முதலாளி காதைப் பொத்திக்கொண்டு கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

ஏழரை மணி. கேத்திக்குப் புறப்பட்ட ஜீப்பே திரும்பி வந்தது. லயனிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் காலையில் பேர் போடும் பெரட்டுக் களத்தில், பழைய நாட்களில் வேலைக்கு நிற்கிற அதே வரிசையில், படங்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளியைப் பார்த்ததும் செல்லம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"தொரையே வந்திருக்காங்க. அப்ப இன்னைக்கிப் பேரு உண்டு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

கோளாறு நோட்டைப் பார்த்து எண்ணினார். "நாப்பத்தி மூணுங்க. ஒருத்தரும் பாக்கியில்லீங்க."

"இவங்களை யாருய்யா கூப்பிட்டது?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. "அலாரத்துல கோளாறா?"

"பொட்டியில இல்லீங்க" என்றார் கோளாறு.

வழக்கமாக அதற்குப் பிறகு இன்னொரு வாக்கியம் உண்டு. அன்று அதைச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு நின்றார்.

முதலாளி அந்த வரிசையை வெகுநேரம் பார்த்தார். அவர்கள் முன்னால் லாரியில் மெஷினை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் என்னிடம், "செக்ரோல எடுங்க. தோட்டம் காடாக் கிடக்குது, களை எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். லாரி காலியாகத் திரும்பியது. செக்ரோல் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பேரையும் எழுதினேன்.

விலை ஒன்றும் மறுநாளே ஏறிவிடவில்லை. சில மாதம் கழித்து ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு ஐந்து நாள். அன்றைக்கு வேண்டுமென்றே செய்தீர்களா என்று கோளாறிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "ஒயர் மாறிப்போச்சுங்க" என்பார். பிறகு கடையைக் காலி செய்துவிட்டார். நாடுகாணிப் பக்கம் யானை வந்தால் ஊதுகிற அலாரம் மாட்டப் போனதாகச் சொன்னார்கள். யானைகளைத் திருத்திக்கொண்டிருப்பார்.

நான் ரிடையர் ஆகிற மாதம், கையிலிருக்கும் போனிலேயே பார்த்துக்கொள்கிற புது அலாரம் மாட்ட ஒரு இன்ஜினியர் வந்தார். பழைய ஒயர்களை எல்லாம் மளமளவென்று பிடுங்கிப் போட்டவர், பச்சை ஒயரிடம் வந்ததும் நின்றார்.

"சார், இது எதுக்கும் சம்பந்தமில்லாமப் போகுது. தப்பா மாட்டியிருக்காங்க. கட் பண்ணிரட்டுங்களா?"

"அதத் தொடாதீங்க."

"கோளாறே இதுலதானுங்க சார்."

"கோளாறு ஒயர்ல இல்லீங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. இன்ஜினியர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். எனக்கு அந்த மங்கி குல்லாவை ஒரு தடவை பார்த்தால் தேவலை போலிருந்தது.