ஹாஃப்னியத்தாரின் மோதிரம்

கல்யாண நாளன்று காலையில் ஹாஃப்னியத்தார் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மனைவிக்காகச் செய்த மோதிரத்தைத் தன் விரலிலிருந்து கழற்றப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

அணு உலைக்குக் கட்டுப்பாட்டுத் தண்டு கடையும் தொழிற்சாலையில் அவர் லேத் ஆபரேட்டர். தண்டு ஹாஃப்னியம் என்ற உலோகத்தால் ஆனது. உலைக்குள் துள்ளும் நியூட்ரானை விழுங்கி ஆட்டத்தை அடக்கும் அதன் பெருமையை ஓயாமல் பேசியதால் அந்தப் பட்டப்பெயர்.

மேனேஜரிடம் கேட்டு வாங்கிய மிச்சத் துண்டில் அவரே கடைந்த மோதிரம் அது. மனைவிக்குத் தன் கையால் செய்த முதல் பரிசு. ஒரு வாரம் பீரோவில் ஒளித்து வைத்திருந்தார். இன்று எடுத்தபோது கனம் சற்றுக் குறைந்தாற்போல் இருந்தது. ஆசையாக எடுத்தால் பாரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். துடைப்பதற்காக விரலில் மாட்டியதுதான் வினை.

சோப்புப் போட்டார், வழுக்கி இன்னும் உள்ளே போனது. நூல் சுற்றி இழுத்தார், விரல் வீங்கியது. மனைவியின் தம்பியை ரகசியமாக உள்ளே அழைத்தார்.

"ஆசிட்ல கரைச்சிடலாமா மாமா?"

"அதெல்லாம் இதுகிட்ட பலிக்காது மாப்பிள. என் விரல்தான் கரையும்."

"சூடு காட்டினா?"

"ரெண்டாயிரம் டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும்."

"அதுக்குள்ள நீங்க உருகிடுவீங்க."

வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?"

அவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "சின்ன வெட்டுக்காயம்."

"காட்டுங்க, மருந்து போடறேன்."

"டாக்டர்கிட்டயே போறோம்."

"அவ்வளவு பெரிய காயமா? இருங்க, நானும் வர்றேன்."

அவள் செருப்பைத் தேடுவதற்குள் மைத்துனனோடு ஓட்டமெடுத்தவர், தெருமுனைப் பொற்கொல்லர் கடையில் போய்த்தான் நின்றார்.

"சாதாரண உலோகம் இல்லைங்க. அறுத்தா பொறி பறக்கும், தூள் தீப்பிடிக்கும். தண்ணி ஊத்தக் கூடாது, மணல் வேணும்" என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

பொற்கொல்லர் மறுபேச்சில்லாமல் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து வைத்தார். ஹாஃப்னியத்தார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பரிசு போகிறதே என்று முனகியபடி கையை நீட்டினார்.

நறுக்கென்று ஒரு சத்தம். பொறியும் இல்லை, புகையும் இல்லை. மோதிரம் இரண்டாக மேஜைமேல் கிடந்தது.

"இது வெறும் வெள்ளி சார். நீங்க சொல்ற மோதிரத்தைப் போன வாரமே உங்க வீட்டம்மா விரல்லேர்ந்து அறுத்தாச்சு. பீரோவுல பாத்து ஆசையா மாட்டிப் பாத்தாங்களாம், கழலலை. 'ஆசையாச் செஞ்சாரு, தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாரு'ன்னு அவங்க அழுதப்ப இதைச் செஞ்சு குடுத்தேன். உங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சிடவா?"