துலாத்தட்டில் ஓர் அரசாணை

"பால் ஆறினதும் மூடி வைங்க, பூனை சுத்துது." இதைச் சொல்லிவிட்டுத்தான் என் மனைவி செங்கமலம் ஆற்றுப்பாலத்தில் ஏறினாள். வல்லக நாட்டில் எல்லா உருக்கும் முதல்தரம் என்று அரசர் அறிவித்ததற்கு மறு ஆண்டு அது.

அதற்கு முன் எங்களிடம் ஒரு தரநூல் இருந்தது. எந்தத் தர உருக்கு, விரல் பருமனில், எத்தனை மூட்டை பாரம் இழுத்தாலும் அறாது என்று அதில் எழுதியிருக்கும். முதல்தரத்துக்கு எண்பது மூட்டை, சாதாரணத்துக்கு நாற்பது. "என் ஆட்சியில் சாதாரணம் என்று ஒன்றா?" என அரசர் வருந்தினார். நாற்பதை அடித்து எண்பது எழுதினார்கள். பலம் இரட்டித்துவிட்டதால் பாலத்துக்குப் பாதிக் கம்பி போதுமென்றானது. மிச்சக் கம்பியில் அரசரின் சிலை எழுந்தது.

அன்றைக்கே பாலம் விழுந்தது. பயணிகள் அளவுக்கு மீறிக் கனத்திருந்தார்கள் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. உருக்கை இழுத்துச் சோதிப்பது அரசநிந்தை என்றும் சட்டம் வந்தது.

பிறகு அதே அளவில், அதே கம்பியில் புதுப்பாலம் கட்டினார்கள். என் மகள் இளவேனி பள்ளிக்கு அதில்தான் போக வேண்டும்.

பாலம் திறக்க வரும் அமைச்சரைத் துலாத்தட்டில் அமர்த்தி, எதிர்த்தட்டில் நெல் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். தட்டிலிருந்து அவர் சொல்வது அரசாணை. அந்த முறை துலாவைப் பாலத்துக் கம்பி ஒன்றில், நெல்தட்டு தரையைத் தொடாத உயரத்தில் தொங்கவிட்டோம். உருக்குத்துறை அமைச்சர் வல்லபராயர் ஏறி அமர்ந்தார். இரண்டாவது மூட்டையிலேயே அந்தரத்துக்குப் போய்விட்டார். நாங்கள் நிறுத்தவில்லை.

"போதுமய்யா! என்ன இது, சோதனையா?"

"ஐயோ, காணிக்கைங்க," என்றேன்.

"முப்பத்தெட்டுதான் ஆச்சு சாமி," என்றார், அண்ணனைப் பாலத்தில் இழந்த படகோட்டி மாசிலாமணி. "எண்பது தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? சும்மா உக்காருங்க."

தலைக்கு மேல் கம்பி முனகியது. அமைச்சர் அண்ணாந்து பார்த்தார்.

"நாற்பது! நாற்பதுதான்! இறக்குங்கடா!"

"பாலத்துக்கு எத்தனை கம்பிங்க?" என்று கேட்டேன்.

"ரெட்டிப்பா போடுங்க!"

எழுத்தர் அதை அரசாணையாக எழுதிக்கொண்டார். கூடுதல் கம்பிக்கு வேறு வழியின்றிச் சிலையைப் பிரித்தார்கள்.

இளவேனி அந்தப் பாலத்தில் ஓடித்தான் பள்ளிக்குப் போனாள். மெதுவாகப் போ என்று நானும் சொன்னதில்லை.

இதற்குள் அரசர்கள் மூவர் மாறிவிட்டார்கள். மூவரும் தங்கள் காலத்து உருக்கு தனி உருக்கு என்றார்கள். ஆண்டுதோறும் சந்தைத் திடலில், காணிக்கை என்றே சொல்லி, எல்லார் முன்னும் ஒரு கம்பியை இழுத்துப் பார்க்கிறோம். நாற்பது மூட்டை தாங்குகிறது. அதற்கு மேல் ஒன்றிரண்டு வைத்தால் அறுந்துவிடுகிறது.