எதுக்கும் சார் பூ வைத்த படம்

சென்னையில் நடக்காமல் போன விபத்துகளில் பாதியை நடக்கவிடாமல் செய்தவர், எங்கள் அஸ்தினாபுரம் தெருவின் எதுக்கும் சார்தான். மீதிப் பாதி அவருக்குத் தெரியாமல் நடக்காமல் போயிருக்கும்.

அவருக்கு வேறு பேர் உண்டு. ஆனால் "எதுக்கும்" இல்லாமல் அவருக்கு வாயே திறக்காது. சித்திரை வெயிலில், "எதுக்கும் ஒரு குடை எடுத்துக்கோங்க சார்" என்பார். வெள்ளம் வந்தால் மிதக்க, காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றை மொட்டை மாடியில் கட்டி வைத்திருக்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். வந்ததுதான் வந்தோம் என்று பக்கத்து வீட்டுப் பூட்டுகளையும் இழுப்பார். புதிதாகக் குடிவந்த அம்மா ஒருவர் "திருடன், திருடன்" என்று அலறித் தெருவே கூடிவிட்டது. மனுஷர் அசரவில்லை. "நல்லா கத்தறாங்க சார். எதுக்கும் இப்படி ஒருத்தர் தெருவுல இருக்கணும்" என்றார்.

இவருடைய ஒரே மகள் நித்யா. மனைவி போன பிறகு இரண்டு பேர்தான் வீட்டில். முதலில் வந்த வரன் எல்லாம் கூடிவந்த நேரத்தில், சார் மாப்பிள்ளைப் பையனிடம், "எதுக்கும் கேட்டு வெச்சுக்கறேன் தம்பி, நீச்சல் தெரியுமா? பிளட் குரூப் என்ன?" என்று கேட்டார். பையன் போனவன் போனவன்தான்.

அடுத்த வரன், சிறுசேரியில் வேலை பார்க்கும் பையன். நித்யாவுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. வீட்டில் பஜ்ஜி சொஜ்ஜி வேண்டாம், கேம்ப் ரோடு பக்கம் பழைய காலத்து சாமான்களை வைத்து அலங்காரம் பண்ணின கஃபே ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் சந்திக்கட்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். நித்யா அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "அப்பா, அங்க வந்து ஒரே ஒரு 'எதுக்கும்' சொன்னாலும் நான் எழுந்து போயிடுவேன். இதுவும் கெட்டுப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

சார் வெலவெலத்துப் போனார். சனிக்கிழமை காலையிலேயே என் வீட்டு வாசலில் நின்றார். "சார், எதுக்கும் இன்னிக்கே ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

போனோம். உள்ளே அரிக்கேன் விளக்குக்குள் பல்பு எரிந்தது. மூலையில் வால்வு ரேடியோ. மேஜையெல்லாம் பழைய தையல் மெஷின். மேலே பலகை, கீழே அதே சக்கரம், அதே மிதி. சார் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். சுவரில் சட்டம் போட்ட கல்யாணப் படம் ஒன்று: மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, பெண் நாற்காலியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். சார் அங்கேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இவங்க உங்க தாத்தா பாட்டியா?"

கொண்டை போட்ட கஃபேக்காரப் பையன் சிரித்தான். "ஐயோ இல்ல அங்கிள். யாருன்னே தெரியாது. பல்லாவரம் சந்தையில வாங்கினது. சும்மா டெக்கருக்கு."

வெளியே வரும்போது சார் அந்தப் படத்தை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாருக்கும் நித்யாவுக்கும் துணையாக உள்ளே நுழைந்ததும் பார்க்கிறேன், அந்தப் படத்தின் மேல் ஒரு முழம் மல்லிகை! சாரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். காலையிலேயே தனியாக வந்து வேலையை முடித்துவிட்டிருக்கிறார், மகாபாவி!

பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். மாடம்பாக்கம் பக்கம் பரம்பரையாக நிலம் உள்ள குடும்பம். அந்த அம்மா பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சாருக்கோ அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பதற்றம் முழுக்கக் காலுக்கு இறங்கிவிட்டது. தையல் மெஷின் மிதியை மிதிக்க ஆரம்பித்தார். கடகட கடகட. மேஜை மேல் காபி தளும்பியது.

"இன்னா சத்தம் அது?" என்று அந்த அம்மா குனிந்து பார்த்தார். நித்யா அப்பாவின் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

நிமிர்ந்தபோது அம்மாவின் கண் படத்தில் நின்றது. "வந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன். செத்தவங்க படத்துக்குப் புதுப் பூ வெச்சிருக்குது. கடைக்காரப் புள்ள வூட்ல துக்கமா? நல்ல விசயம் பேச வந்த எடத்துல இன்னாடா இது?"

"எங்க வீட்ல இல்ல ஆன்ட்டி. இந்த அங்கிள்தான் காலைல வந்து வெச்சாரு" என்றான் கொண்டைப் பையன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நித்யா கைப்பையை எடுத்துவிட்டாள். மிதி மறுபடியும் கடகடவென்று ஓடியது.

"செத்தவங்கன்னு வெக்கலைம்மா" என்றார் சார். "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க. பயந்து போய் நிக்குது. புது வீடு, புது மனுஷங்க. எப்படி இருக்கப் போறாங்களோன்னு நெனச்சிருக்கும் பாவம். யாரோ ஒருத்தர் கண்ணுல வெச்சு வளத்த பொண்ணு, சந்தைல கேக்க ஆள் இல்லாமக் கெடந்திருக்கு. நேத்துலேர்ந்து எனக்கு மனசே ஆறலை. அவ அப்பா இருந்தா வாங்கிக் குடுத்திருப்பாரேன்னு கொஞ்சம் பூ வெச்சேன். தப்பா இருந்தா எடுத்துடறேன்மா. எம்பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அவள வேணாம்னு சொல்லிடாதீங்க."

அந்த அம்மா எழுந்து படத்தின் கிட்டே போனார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்தவர் தன் நாற்காலிக்குப் போகவில்லை. நித்யா பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த கைப்பையை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"காபி ஆறிப் போவுது, குடிங்க சம்பந்தி" என்றார்.

அந்தச் 'சம்பந்தி' சாருக்கு உடனே உறைக்கவில்லை. நித்யா அழ ஆரம்பித்த பிறகுதான் மிதி நின்றது.

நித்யாவை அவர்களோடு பேசவிட்டு நானும் சாரும் வெளியே வந்தோம். என் வண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாகச் சீறிக்கொண்டிருந்தன. சார் சின்னப் பிள்ளைபோல என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டைத் தாண்டி வண்டி கிட்டே வந்த பிறகும் அவர் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.