பஞ்சாங்கம் பார்த்து வாங்கிய பிக்அப்

பழைய பிக்அப் ஒன்றை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பஞ்சாங்கம் பார்த்தேன். அன்று என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் இல்லையே என்று பார்த்தேன். நிறம் ராசிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். வீட்டை விட்டு இறங்கும்போது எதிரே யார் வருகிறார்கள் என்றும் பார்த்தேன் (பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், தொட்டி நிறைந்திருந்தபடியால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்). வாகனத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு முப்பத்தெட்டு வயது. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் ஒரு வைத்தியசாலையில் நோயாளர் கட்டில்களைத் தள்ளும் வேலை. பகல் முழுவதும் கட்டிலுக்குப் பின்னால் நடந்து திரிபவனுக்கு, உயரத்தில் ஏறி உட்கார்ந்து மற்றவர்களைக் குனிந்து பார்க்க ஆசை வந்தது. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீதியில் வீட்டுக்கு வீடு பிக்அப் நின்றது. எங்கள் வாசலில் மட்டும் ஒரு சின்னக் கார், பாடம் சொல்லாமல் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி நின்றது. இது உண்மைக் காரணம். வீட்டில் சொன்ன காரணம் மதியின் கல்யாணம்.

மதி என் மனைவி கௌரியின் தங்கை. அவர்களுடைய அம்மா, என் மாமி, காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். கல்யாணத்துக்கு நகை, சேலை, சாப்பாடு என்று எதிலும் அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் மாமி தருவித்து, செத்துப்போகும்வரை சம்பல் அரைத்த அம்மியில்தான் தான் கால் வைக்க வேண்டும் என்றாள். அந்த அம்மி எங்கள் நிலவறையில் கிடந்தது. மணவறைத் தூண்கள், குத்துவிளக்குகள், தேங்காய் மூட்டை, அம்மி எல்லாவற்றையும் நோத்ர-டாம்-த-கிரேஸில் எடுத்திருந்த மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நானாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஒரு நாளைக்கு வான் ஒண்டை வாடகைக்கு எடுத்தால் அலுவல் முடிஞ்சுது," என்றாள் கௌரி.

"உமக்கு விளங்காது. வாடகை வாகனத்தில மணவறை ஏத்திறது எங்களுக்கு மதிப்போ?"

"மணவறையையே வாடகைக்குத்தானே எடுக்கிறம்?"

இப்படிப்பட்ட கேள்விகள் வந்தால் எழுந்து போவது என் வழக்கம். போகும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இஞ்சருங்கோ, என்னவும் வாங்குங்கோ. ஆனால் கீழ பாக்காமல் வாங்காதேங்கோ. இஞ்ச மாரியில ரோட்டுக்குக் கொட்டிற உப்பில வாகனம் எல்லாம் கீழால கறள் பிடிச்சு உக்கிப் போகும்."

துருப் பிடித்தல் பற்றி எனக்கே பாடமா? "ஓம், ஓம்," என்றேன். அப்படி நான் இரண்டு தரம் ஓம் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

நான் நம்பியது யோகன் அண்ணையை. வாகனம் தெரிந்த ஆள் என்று எங்கள் சனத்துக்குள் பெயர் எடுத்தவர். ஊரில் ஒரு லொறியில் எட்டு மாதம் கிளீனராக இருந்திருக்கிறார். அதில் ஐந்து மாதம் லொறி கராஜில் நின்றது. பஞ்சாங்க விஷயத்திலும் அவர்தான் கடைசி வார்த்தை. "வெள்ளிக்கிழமை நல்ல நாள். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் காசும் வாகனத் திறப்பும் கைமாற வேணும். கடுதாசி அலுவலைப் பேந்து பாக்கலாம்," என்று சொல்லிவிட்டார்.

வாகனம் நகருக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில், ஒரு பண்ணை வீட்டில் நின்றது. ஒன்பதரைக்கே போய்ச் சேரத்தான் புறப்பட்டோம். மொன்றியலில் வீதி திருத்தவென்று செம்மஞ்சள் கூம்புகளை நட்டுவிட்டு ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. மூன்று இடத்தில் சுற்றிப் போய், பண்ணைக்குள் நுழையும்போது மணி பத்து பதினாறு.

விற்கிறவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கியூபெக் விவசாயி. வாகனத்தின் குறைகளைத் தன் கையாலேயே இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நேர்மையான மனிதர். அன்று எனக்கு இருந்த பெரிய இடைஞ்சல் அதுதான்.

"போன்ஜூர். முதலில் பின்பெட்டியில் கிடக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்," என்றார். (பேசியது பிரெஞ்சு. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.)

"பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்," என்றேன்.

"அப்படியானால் கீழே படுத்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு மட்டை விரித்து வைத்திருக்கிறேன்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பத்து நிமிடம்."

நான் யோகன் அண்ணையைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து இருபது. நீ இவரோட கதைச்சுக்கொண்டு நிண்டால் ராகு வந்திடும். நான் பாக்கிறன் விடு."

பார்த்தார். நான்கு ரயருக்கும் ஒவ்வொரு உதை விட்டார். முன்பக்கத்தைத் திறந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "எஞ்சின் இருக்கு," என்று அறிவித்தார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, இதுவரை ஓடிய கிலோமீற்றர் எண்ணை வாசித்தார்: 187314. விரல் விட்டுக் கூட்டினார். "இருவத்தி நாலு. ரெண்டும் நாலும் ஆறு. ஆறு சுக்கிரன். வாகன யோகமடா தம்பி!"

ஒரு இலட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீற்றர் ஓடிக் களைத்த வாகனத்தில் எங்களுக்குத் தெரிந்தது அந்த ஆறு மட்டுந்தான்.

கிழவர் விடவில்லை. எனக்கும் வாகனத்துக்கும் நடுவில் வந்து நின்று, "ஐயா, நீங்கள் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எனக்கு மனதுக்கு நிம்மதி. நாளைக்கு வாருங்கள், வேறு ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன்," என்று மன்றாடினார். பத்து இருபத்தேழுக்கு அவருடைய சட்டைப் பையில் நானே காசை வைத்தேன். அவர் திகைத்துப்போய்த் திறப்பைத் தந்தார். "வீட்டில் அடுப்பை எரியவிட்டு வந்தீர்களா?" என்று கேட்டார். குறைகள் எழுதிய அந்த இரண்டு பக்கத்தையும் வற்புறுத்தி என் கையில் திணித்தார். அதைப் பிறகு கண்ணாடி துடைக்கப் பாவித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முன்பக்கத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். கௌரி வாசலில் நின்று பார்த்தாள்.

"கீழ பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

தேசிக்காய் வைக்கக் குனிந்தபோது கொஞ்சம் பார்த்ததுதான். அதனால் அதை முழுப் பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

கல்யாணம் மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானும் யோகன் அண்ணையும் எல்லாவற்றையும் ஏற்றினோம். பாரமான பொருளை நடுவில் வைக்க வேண்டும் என்றார் அவர். பெட்டியில் விரிப்பு இரண்டு துண்டாகப் போடப்பட்டு, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தது. சரியாக அந்த இடத்தில் மாமியின் அம்மியை வைத்தோம். குழவியை மட்டும் துவாயில் சுற்றி என் காலடியில் வைத்துக்கொண்டேன், அது உருண்டுவிடும் என்று. அவ்வளவு கவனமான ஆள் நான்.

நெடுஞ்சாலை மூடியிருந்தபடியால் உள் வீதிகளால் போனோம். மண்டபத்துக்குக் கிட்டே, தெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு சின்ன மூலைக்கடைக்கு முன்னால், வீதியில் ஒரு பள்ளத்துக்குள் விழுந்து எழும்பினோம். "டொம்" என்று ஒரு சத்தம்.

"என்ன றோட்டுப் போடுறாங்கள்!" என்றார் யோகன் அண்ணை.

"வரி எடுக்கத் தெரியுது," என்றேன் நான். மண்டபம் வரும்வரை நகரசபையைத் திட்டிக்கொண்டே போனோம்.

மண்டபத்தின் பின்வாசலில் தூண்களை இறக்கினோம். விளக்குகளை இறக்கினோம். தேங்காய் மூட்டையை இறக்கினோம். பிறகு இறக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம். நான் விரிப்பைத் தூக்கினேன். அம்மி அளவுக்கு ஒரு ஓட்டை, சுற்றிவர பப்படம் மாதிரி நொறுங்கிய தகரம், அதற்கூடாக நிலம். வாங்கி மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வாகனத்தின் கீழ்ப்பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தேன், அதுவும் மேலே நின்றபடி.

கௌரி எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியாது. ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாத்தனான் எண்டு சொன்னீங்கள்."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். என் கல்யாண வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்ட நிமிடம் வேறு இல்லை.

ஐயர் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னார். "அம்மி இல்லாட்டி என்ன? ஒரு செங்கல்லு போதும். போன மாசம் ஒரு கல்யாணத்தில குசினிப் பலகையிலதான் பொம்பிளை கால் வைச்சவ." அந்தச் செய்தியோடு மணமகள் அறைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். செய்தவன்தான் சொல்ல வேண்டும் என்று கௌரி சொல்லிவிட்டாள்.

மதி பாதி அலங்காரத்தில் கதிரையில் இருந்தாள். நான் சொன்னேன். ராகுகாலத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "அத்தான், தாலி கட்டினாப் பிறகுதானே அம்மி. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. நீங்கள் கொண்டு வருவீங்கள்," என்றாள். ஏச்சு வாங்கத் தயாராகப் போனவன் நான். நம்பிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. அந்தக் கோலத்தில் நானும் யோகன் அண்ணையும் வந்த வழியே திரும்பிப் போனோம். தெப்பனர் கடைக்கு முன்னால் வாகனத்தை நிறுத்தினேன். பள்ளத்தைக் காணவில்லை.

அம்மி அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்திருந்தது. மேற்பக்கம் வீதியோடு சமமாக இருந்தது. எங்கள் கண்முன்னாலேயே ஒரு பேருந்து அதன்மேல் ஏறி, ஒரு குலுக்கமும் இல்லாமல் போனது. கடைக்கார அம்மா வாசலில் நின்று திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரயர் கழற்றும் கம்பியோடு வீதியில் இறங்கிக் குனிந்ததும் ஓடி வந்தார்.

"தொடாதே! மூன்று வருடமாக நகரசபைக்கு எழுதி எழுதி, இன்றைக்குத்தான் வந்து சரிசெய்திருக்கிறார்கள்!"

"அம்மா, இது நகரசபை போட்ட கல் இல்லை. என் மாமியுடைய கல்."

"உன் மாமி எதற்கு வீதியில் கல் போடுகிறார்?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் திரட்டி, அரை மைல் தூரத்தில் ஒரு மணமகள் இதில் கால் வைக்கக் காத்திருக்கிறாள் என்று விளக்கினேன். எங்களுக்குப் பின்னால் நான்கு கார்கள் ஹோர்ன் அடித்தன. அவர் என் வேட்டியைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார், கடைசியாக வாகனத்தின் ஓட்டையைப் பார்த்தார்.

"இதை வாங்க முதல் கீழே பார்க்கவில்லையா?" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது!

பிறகு அவரே கார்களை மறித்து நின்றார். நாங்கள் இருவரும் அரை மணித்தியாலத்துக்கு மேல் போராடி நெம்பித் தூக்கினோம். அம்மி வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டு, மதிலோரம் கிடந்த ஒரு கூம்பைத் தூக்கி வந்து பள்ளத்துக்குள் வைத்தார். திரும்பும் வழியில் அம்மியை யோகன் அண்ணையின் மடியில் ஏற்றினேன். அவர் மூச்சு முட்ட, "தம்பி, மெதுவாப் போ," என்றார். நான் மெதுவாகப் போகவில்லை.

உள்ளே நுழையும்போது தாலி கட்டி முடிந்து, கெட்டிமேளம் ஓய்ந்து, ஐயர் தெரிந்த மந்திரங்களையெல்லாம் இரண்டாம் தரமும் சொல்லிக்கொண்டிருந்தார். கௌரி மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். தார் போகவில்லை. ஒரு மூலை உடைந்திருந்தது, நடுவில் பேருந்து ரயரின் தடம் பதிந்திருந்தது. மதி அதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்தாள். மாப்பிள்ளை மெட்டி போட்டுவிட்டுக் கையை எடுத்தபோது அவருடைய விரல்களிலும் தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று சால்வையால் கண்ணைத் துடைத்தேன். சால்வையிலும் தார் இருந்தபடியால் கல்யாண வீடியோவில் நான் கண்ணைச் சுற்றிக் கறுப்போடு நிற்கிறேன்.

பந்தியில் ஐயர் முழுக் கதையையும் கேட்டார். பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "பத்தரை எண்டு ஆர் சொன்னது?" என்றார். "அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற ஊருக்கு. இஞ்ச புரட்டாதியில ஏழு மணிக்குக் கிட்டத்தானே விடியுது. உங்களுக்கு அண்டைக்குப் பதினொண்டேகால் மட்டும் நேரம் இருந்திருக்கு."

முக்கால் மணித்தியாலம். கிழவர் கேட்டது பத்து நிமிடம். நான் யோகன் அண்ணையைத் தேடினேன். அவர் அடுத்த பந்திக்குக் கறி பரிமாற எழுந்து போய்விட்டார். கௌரி மட்டும் எனக்கு நேரே இருந்து, எல்லாவற்றையும் கேட்டு, இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றிக்கொண்டாள்.

பிக்அப்பைப் பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அம்மி இப்போது மதி வீட்டில், தாரோடுதான் இருக்கிறது. அதன் பிறகு எங்கள் சனத்துக்குள் எத்தனையோ கல்யாணம் நடந்துவிட்டது. எதிலும் எனக்கு ஒரு சாமானையும் தூக்கத் தரமாட்டார்கள். வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கும் வேலை மட்டும் தருவார்கள். ஒவ்வொரு முறையும் மதிதான் பன்னீர்ச் செம்பைக் கொண்டு வருவாள். என் கையில் தருவதற்கு முன், எல்லோரும் பார்க்க அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி அத்தான், பிடியுங்கோ," என்பாள்.