டிராகனை மறியலில் உட்காரவைத்த கடைமடை அக்கா

டிராகனோடு சண்டை போட்ட வீரர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். அதைச் சாலை மறியலில் உட்காரவைத்தவர் ஒரே ஒருவர்தான். தஞ்சாவூரில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் கடைமடை அக்கா.

அவருக்கு ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் உள்ள அத்தனை ஊரையும் நனைத்துவிட்டு, கடைசியில் மனசு வந்தால் எட்டிப் பார்க்கும் கடைமடை. “நம்மகிட்ட வர்றதுக்குள்ள எல்லாம் தீந்துடும்” என்பதுதான் அக்காவின் மொத்தத் தத்துவம். அதனால் மெஸ்ஸில் குக்கர் விசில் அடிக்கும்போதே தட்டோடு நிற்பார். பஸ், குளியலறை, கோயில் பொங்கல், எதிலும் முதல் ஆள். ஒருமுறை எங்கோ வரிசை சேர்வதைப் பார்த்துப் பாய்ந்துபோய் முன்னால் நின்றார். அது ரத்ததான முகாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ஊரார் ரத்தத்தை உறிஞ்சுகிறவர், அன்று தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்து, “ஜூஸ் எனக்குத்தான்டி மொதல்ல குடுத்தாங்க” என்று சந்தோஷப்பட்டார்.

எங்கள் அறையில் ஞாயிறு மதியம் ஒரு விளையாட்டு நடக்கும். வெளிநாட்டில் யாரோ படைத்த கெல்துரா என்ற கற்பனை உலகம் அது. ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும்; இருபது விழுந்துவிட்டால் மறுபேச்சில்லை. கதை சொல்பவள் மயிலாடுதுறை நந்தினி. என் அறைத்தோழி ரேஷ்மா வில்லாளி. நான் மந்திரம் தெரிந்த மகாராணி. நீடாமங்கலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் மகள் நான். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். கற்பனையில் மகாராணிக்குக் குறைந்த உத்தியோகத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்?

கடைமடை அக்கா தேர்ந்தெடுத்தது விவசாயி. ஆயுதம், மண்வெட்டி. கெல்துராவின் வரைபடத்தில் பெரிய ஆறு கடலில் சேரும் இடத்தில் பெயரில்லாமல் ஒரு புள்ளி கிடந்தது. அதற்குக் கீழக்கோடி என்று பெயர் வைத்துக் குடியேறினார். நாங்கள் அரக்கர்களை வேட்டையாடிக்கொண்டிருக்க, அவர் அங்கே வரப்பு போட்டார், கோயில் கட்டினார், ஒரு ரேஷன் கடையும் திறந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் கெல்துராவைப் படைத்தவர்கள் இணையத்தில் ஒரு புதுக் கட்டுரை போடுவார்கள். அந்த உலகத்து வரலாறு, ராஜாக்கள், காடுகள் என்று ஏதாவது இருக்கும். நாங்கள் நால்வரும் கட்டிலில் சம்மணமிட்டு அதை அலசுவோம். ரேஷ்மாவுக்கு வனதேவதைகள் காது குத்துவார்களா என்பது முக்கியம். எனக்கு யாருக்கு எந்த அரியணை என்பது முக்கியம். அக்காவின் கேள்விகள் வேறு. அங்கே ஒருபோகமா இருபோகமா? வடிகால் எந்தப் பக்கம்? இவ்வளவு பெரிய காடு பக்கத்தில் இருந்தால் ராத்திரி பன்றி இறங்காதா? ஒரு மகா மந்திரவாதி மூன்று நாள் விடாமல் மழை பொழிய வைத்தான் என்று படித்ததும் நாங்கள் சிலிர்த்தோம். அக்கா, “அறுப்பு நேரத்துலயா? அவன் மந்திரவாதியா, இல்ல பங்காளியா?” என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கட்டுரை வந்தது. மலையரசன் தன் கோட்டையைச் சுற்றி அகழி நிரப்ப ஆற்றைத் திருப்பிவிட்டானாம். ஆறு கடலில் சேரும் கழிமுகம் வறண்டு பாலையாகிவிட்டதாம். அங்கே மனிதர் யாரும் இல்லையாம். கீழக்கோடி போய்விட்டது.

அக்கா ரசிகர்கள் கூடும் இணையக் குழுவில் புகுந்து, அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். எந்த நாட்டு ரசிகரோ, அது வெறும் பின்னணிதானே என்றார். இன்னொருவர், அந்த வறட்சியில் ஒரு சோக அழகு இருப்பதாக உருகினார். அக்கா அவரிடம், நீங்கள் குழாயடியில் நின்றதுண்டா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

நந்தினியும் இறங்கிவரவில்லை. அவளுக்குக் கட்டுரையில் வந்தால் வேதம்.

“ஊரு போனா நானும் போறேன்டி. நீங்களே வெளயாடிக்குங்க” என்றார் அக்கா. குரலில் விளையாட்டில்லை. பிறந்த ஊரில் ஒவ்வொரு வருஷமும் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? கடைசியாக ஒரே ஒரு ஆட்டம் வருவதாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு நானும் ரேஷ்மாவும் படை திரட்டி மலையில் வாழும் டிராகனைக் கொல்லக் கிளம்பினோம். நந்தினி கண்ணை மூடிக்கொண்டு குதிரைக் குளம்பொலியெல்லாம் வாயால் எழுப்பி எங்களை மலைப்பாதைக்குக் கொண்டுவந்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, “நீங்க என்னக்கா பண்றீங்க?” என்றாள்.

“ரோட்டுல உக்காந்திருக்கேன்.”

“தனியாவா?”

“கீழக்கோடிப் பொம்பளைங்க அத்தன பேரும். ஆளுக்கொரு காலிக்குடம்.”

நந்தினி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பூதத்துக்கு விதி இருந்தது, சாபத்துக்கு இருந்தது, காலிக்குடத்துக்கு இல்லை. என் மந்திரத்தால் அவர்களைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னாள். நான் யோசித்தேன். மகாராணிதான். ஆனாலும் எங்கள் அம்மா வயதுப் பெண்களைக் குடத்தோடு தூக்கிப் போடுவதற்கா நான் படித்தேன்? முடியாது என்றுவிட்டேன். ரேஷ்மா வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தானும் குடம் கேட்டாள்.

வேறு வழியில்லாமல் நந்தினி டிராகனையே அனுப்பினாள். வானம் இருண்டது, நெருப்பு பறந்தது, அக்கா அசையவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

“நெருப்பா கக்குறியே, தொண்டை காயல? இந்த ஆத்துத் தண்ணிய நீ குடிக்கிறதில்லயா? வா, வந்து உக்காரு.”

பகடையை உருட்டினார். அது கட்டிலுக்கடியில் ஓடியது. நாலு பேரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். இருபது.

விதிப்படி டிராகன் மறியலில் உட்கார வேண்டியதாயிற்று. சாலை மொத்தமும் அடைத்துக்கொண்டது. மலையரசன் தாசில்தாரை அனுப்பினான். அக்கா, ஆர்.டி.ஓ. வந்தால்தான் எழுந்திருப்போம் என்றார். நந்தினி தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வனதேவதை ஆர்.டி.ஓ.வாக நடித்தாள். பேச்சுவார்த்தை மாலை டீ வரை நீண்டது. அகழிக்குச் சில நாள், கீழக்கோடிக்குச் சில நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதாக முடிவாயிற்று.

“கட்டுரையில இப்படி இல்லயேக்கா” என்று நந்தினி கடைசியாக முனகினாள்.

“எழுதுனவங்க இங்க வந்து பாத்தாங்களா? நீதானடி பாத்துக்கிட்டிருக்க” என்றார் அக்கா.

நந்தினி பென்சிலை எடுத்து வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் கீழக்கோடி என்று எழுதினாள்.

அக்கா போன வருஷம் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், போனில்கூட ஆட வர முடிவதில்லை. அவருடைய விவசாயியை வேறு யாருக்கும் நாங்கள் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் ஆட உட்கார்ந்தால் டிராகன், அரியணை எல்லாம் பிறகுதான். முதலில் கீழக்கோடிக்குப் போய், மகாராணி ஒரு வாரம், வில்லாளி ஒரு வாரம் என்று மாறி மாறி, அக்காவின் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறோம்.